நெடுந்தூரச் சைக்கிள் சவாரியும் வழியிலுள்ள ஊர்களும்

சைக்கிள் நம் கிராமங்களுக்குப் புதிய பொருள் அன்று. பால்காரர், பள்ளி மாணவர், வயலுக்கு உரமூட்டை ஏற்றிச் செல்லும் விவசாயி என்று பலரும் அதனை நாள்தோறும் பயன்படுத்தி வருகின்றனர். ஆயினும் பத்து அல்லது பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் ஒருவர் அதில் செல்வதை நாம் அரிதாகவே காண்கிறோம். ஆகவே, சனிக்கிழமைகளில் பொழுது புலருமுன்பே தலைக்கவசமும் மின்னும் விளக்குமாக இருபது முப்பது பேர் ஊரைக் கடந்து செல்லும்பொழுது, "இவர்கள் எங்கே போகிறார்கள்? எதற்காகப் போகிறார்கள்?" என்னும் கேள்வி எழுவது இயல்பே. 200, 300, 400, 600 கிலோமீட்டர் என வகுக்கப்பட்ட தூரத்தைக் குறித்த நேரத்திற்குள் கடந்து முடிப்பதே அவர்கள் நோக்கம். நம் நாட்டில் 'ஆடாக்ஸ் இந்தியா' என்னும் அமைப்பின் கீழ் நடைபெறும் இச்சவாரிகள், சென்னை, கோயமுத்தூர் போன்ற நகரங்களிலிருந்து புறப்பட்டுக் கிராமச் சாலைகளின் வழியாகவே செல்கின்றன.

இவற்றை நடத்துவோர் வழியிலுள்ள ஊர்களை அணுகி, பள்ளிக்கூடத்தையோ சமுதாயக் கூடத்தையோ ஓர் இரவுக்குக் கேட்பது இனி மிகுதியாகக் கூடும். 'வேலையற்றவர் விளையாட்டு' என்று அவர்களை ஒதுக்கிவிடுவது தவறு. மேடை போட்டு, ஒலிபெருக்கி வைத்து, மாலை சூட்டி அனுப்பிவிடுவதும் போதாது. முந்நூறு கிலோமீட்டர் மிதித்து வந்தவருக்கு வேண்டியது வரவேற்புரை அன்று. சூடான உணவும், படுக்க ஒரு பாயும், எழுப்பிவிட ஓர் ஆளுமே.

உலகில் நடைபெறும் இத்தகைய சவாரிகளுக்கெல்லாம் மூத்தது பிரான்சு நாட்டின் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் சவாரியாகும். அதனை வழியிலுள்ள சிற்றூர்கள் எவ்வாறு தாங்கி நிற்கின்றன என்பதை அறிந்துகொண்டால், நம் ஊர்கள் செய்யத்தக்கது எது என்பதும் விளங்கும்.

பழைய பெருவழி

பிரெஸ்ட் என்பது பிரான்சின் மேற்குக் கோடியில், பிரிட்டனிப் பகுதியின் முனையில் அமைந்த கடற்படைத் துறைமுகம். தலைநகரையும் அத்துறைமுகத்தையும் இணைத்த பெருவழி, மன்னராட்சிக் காலத்திலேயே தபால் வண்டிகள் குதிரை மாற்றி மாற்றி ஓடிய வழி. ஒரு வழித் தூரம் ஏறத்தாழ 600 கி.மீ. 1891ஆம் ஆண்டில் பியேர் ஜிஃபார் என்னும் பத்திரிகையாசிரியர் தம்முடைய 'பெத்தி ஜூர்னால்' நாளிதழின் சார்பில், இவ்வழியே சென்று திரும்பும் போட்டி ஒன்றை அறிவித்தார். சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் வந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. இது மனிதனால் ஆகக்கூடிய காரியந்தானா என்று ஐயுற்றவர் பலர்.

அவ்வாண்டு செப்டம்பர் 6ஆம் நாள் இருநூறுக்குச் சற்று மேற்பட்டோர் புறப்பட்டனர். ஏறத்தாழப் பாதிப்பேரே திரும்பி வந்தனர். ஒவ்வொருவரும் ஒரு சிறு புத்தகத்தை உடன் கொண்டு சென்று, குறிப்பிட்ட ஊர்களில் நிறுத்திக் கையொப்பமும் முத்திரையும் பெற வேண்டும் என்பது விதி. குறுக்கு வழியில் சென்றவர் அகப்பட்டுக்கொள்வர் அன்றோ! ஷார்ல் தெரோன் என்பவர் 71 மணி 22 நிமிடத்தில் முதலாவதாகத் திரும்பினார். தமக்கு முன்னே சென்றவர் உறங்கிக்கொண்டிருந்த வேளையில் அவரைக் கடந்து போய் முதலிடம் பெற்றார். அவருடைய சைக்கிளில் இருந்தது மிஷலின் சகோதரர்கள் புதிதாகச் செய்திருந்த, எளிதில் கழற்றிப் பூட்டத்தக்க டயர். நம் ஊர்ச் சந்தியில் மரத்தடியில் வாளித் தண்ணீருடன் பஞ்சர் ஒட்டுபவரின் தொழிலுக்கு மூலம் எதுவென்று தேடினால், இந்தச் சாலைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு எனலாம்.

பத்தாண்டுகளுக்கு ஒரு முறை என்று 1901இலும் அதன் பின்னரும் இப்போட்டி நடைபெற்றது. 1901இல் வென்ற மோரிஸ் காரன், 1903இல் தொடங்கிய 'டூர் டி பிரான்ஸ்' போட்டியின் முதல் வெற்றியாளரும் ஆவார். 1910இல் ஒரு மிட்டாய்க் கடைக்காரர் இந்தப் போட்டியின் நினைவாகச் சக்கர வடிவில் ஒரு பலகாரம் செய்தார். 'பாரிஸ்–பிரெஸ்ட்' என்னும் பெயரில் அது இன்றும் அந்நாட்டுக் கடைகளில் விற்கப்படுகிறது. 1931இல் ஆஸ்திரேலியரான ஹியூபர்ட் ஆப்பர்மன் முதலிடம் பெற்றார். தொழில்முறை வீரர்களுக்கான போட்டி 1951உடன் நின்றுவிட்டது.

ஆனால் சவாரி நிற்கவில்லை. 1931ஆம் ஆண்டிலேயே, பரிசுப் பணம் நாடாத சாதாரண மக்களும் இவ்வழியே செல்லலாம் என்று 'ஆடாக்ஸ் கிளப் பாரிசியன்' என்னும் சங்கம் வகை செய்திருந்தது. 1904இல் தோன்றிய அச்சங்கமே இன்றும் இதனை நடத்துகிறது. கடந்த பல பத்தாண்டுகளாக நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஆகஸ்டு மாதத்தில் இது நடைபெறுகிறது. 2019இலும் 2023இலும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். மொத்தத் தூரம் 1,200 கி.மீ.க்குச் சற்று மேல். கூடிய அளவு நேரம் 90 மணி. முதலில் வந்தவர், இரண்டாவது வந்தவர் என்ற வரிசை கிடையாது. குறித்த நேரத்திற்குள் வந்த அனைவரும் ஒரே தரத்தினர். வயலில் உழைத்த அறுபது வயதுக் குடியானவரும் இருபது வயது வாலிபரும் ஒரே பதக்கத்தைப் பெறுவர். நாம் இதனை மிகவும் போற்றுகிறோம். கிராம விளையாட்டு விழாக்களை நடத்துவோர் சற்று எண்ணிப் பார்க்கத்தக்க முறை இது.

பழைய நெடுஞ்சாலையில் மோட்டார் வாகனங்கள் பெருகிவிட்டபடியால், இன்றைய சவாரி அதற்கு இணையாக உள்ள சிறு கிராமச் சாலைகளின் வழியே செல்கிறது. வேலியடைத்த மேய்ச்சல் நிலங்கள், மக்காச்சோள வயல்கள், ஆப்பிள் தோட்டங்கள், கல்லால் கட்டிய பழந்தேவாலயங்கள் ஆகியவற்றைக் கடந்து, பிரிட்டனியின் ஆரே குன்றுகளில் ஏறி, கடலை நோக்கி இறங்குகிறது அவ்வழி. 1930இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் லூப் பாலத்தின் மீது செல்லும்பொழுது பிரெஸ்ட் துறைமுகம் முழுவதும் கண்ணில் படும். அந்தப் பாலத்தில் இப்பொழுது பெருவாகனங்கள் செல்வதில்லை. அவற்றுக்கு அருகிலேயே வேறு பாலம் உண்டு. பழைய பாலத்தை இடித்துவிடாமல் சைக்கிளுக்கும் நடப்போருக்கும் விட்டு வைத்தனர்.

2019, 2023 ஆகிய இரு சவாரிகளும் தொடங்கிய இடம் நம் விவசாயிகளுக்குச் சுவை பயப்பது. பாரிசுக்கு அருகிலுள்ள ராம்பூயே என்னும் ஊரின் அரசாங்க ஆட்டுப் பண்ணையே அது. பதினாறாம் லூயி மன்னன் 1786இல் ஸ்பெயின் நாட்டிலிருந்து மெரினோ ஆடுகளை வரவழைத்து வளர்த்த பண்ணை. அங்கே உருவான ராம்பூயே இனத்தின் இரத்தம், கொடைக்கானல் மலையில் மன்னவனூர் ஆட்டு ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கப்படும் பாரத மெரினோ ஆட்டிலும் கலந்துள்ளது.

ஒரு சிற்றூர் செய்யும் பணி

பிரான்சில் ஊர் ஒவ்வொன்றும், எத்துணைச் சிறியதாயினும், 'கம்யூன்' எனப்படும் ஆட்சி மன்றத்தைக் கொண்டுள்ளது. ஏறத்தாழ 35,000 கம்யூன்கள் உள்ளன. நம் பஞ்சாயத்தைப் போலவே தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் தலைவரும் உண்டு. பாரிஸ்–பிரெஸ்ட் சவாரியின் சோதனைச் சாவடிகள் பெரும்பாலும் இத்தகைய ஊர்களில், கோடை விடுமுறையில் மூடிக் கிடக்கும் பள்ளிகளிலேயே அமைக்கப்படுகின்றன. பள்ளியின் உணவுக்கூடம் உணவுக்கும், உடற்பயிற்சிக் கூடம் உறக்கத்திற்கும், ஒரு வகுப்பறை மருத்துவருக்கும் பயன்படும். புதிதாக ஒரு செங்கல்லும் வைப்பதில்லை.

சுமார் 200 கி.மீ. தொலைவிலுள்ள வில்லேன் லா ஜுவெல் என்னும் ஊர் இவ்வகையில் பெரும் புகழ் பெற்றது. மக்கள் தொகை மூவாயிரம் அளவே; நம்மிடையே ஒரு நடுத்தரப் பஞ்சாயத்துக்கு ஒப்பாகும். அவ்வூரில் சவாரி வந்தால் திருவிழா. சாலையின் இரு மருங்கிலும் மக்கள் நின்று இரவும் பகலும் கைதட்டுவர். களைத்து வந்தவர் உணவைப் பெற்றவுடன் அவ்வூர்ப் பிள்ளைகள் ஓடிவந்து தட்டினைத் தாங்கிச் சென்று, அமரும் மேசையில் வைப்பர். பல மணி நேரம் கைப்பிடியை அழுத்திப் பிடித்த விரல்கள் மரத்துப் போய்விடும். தட்டிலுள்ள சூப்பு நடுங்கிச் சிந்தும். அதையறிந்தே இந்த ஏற்பாடு. பிள்ளைகளுக்குத் தரப்பட்ட வேலை சிறிது. ஆனால் அது உண்மையான வேலை. மலர்க்கொத்து ஏந்தி மணிக்கணக்கில் வெயிலில் நிற்க வைக்கப்படும் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

சோதனைச் சாவடி இல்லாத ஊர்களும் சும்மா இருப்பதில்லை. பழைய சைக்கிள்களுக்கு வண்ணம் பூசி வைக்கோற் கட்டுகளின் மீது நிறுத்துவர். வீட்டு வாயிலில் மேசையிட்டுத் தண்ணீரும் காப்பியும் வைப்பர். லா தானியேர் என்னும் சிற்றூரில் ஒரு குடும்பத்தினர் சாலையோரத்தில் காப்பியும் 'கிரேப்' எனப்படும் மெல்லிய தோசை போன்ற பலகாரமும் தந்து, காசு வாங்க மறுத்து, "ஊர் சேர்ந்தபின் ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள்" என்று மட்டும் கேட்கும் வழக்கம் சவாரி செய்வோரிடையே பெரிதும் அறியப்பட்டது. உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்த அட்டைகளை அவர்கள் சேர்த்து வைத்திருக்கின்றனர்.

ஆயினும் சாவடிகளில் உணவு இலவசம் அன்று என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் நன்கு கவனிக்க வேண்டும். சூப்பு, மாவுப் பண்டம், மசித்த உருளைக்கிழங்கு, பாலில் வேகவைத்த அரிசிப் பாயசம் முதலியவற்றுக்கு விலை உண்டு. படுக்கைக்கும் சிறு கட்டணம் உண்டு. தண்ணீர்ப்பந்தல் தருமம் ஒரு குடும்பத்திற்கு அழகு. ஆனால் நூற்றுக்கணக்கானோருக்கு ஓர் இரவு முழுவதும் சமைத்துப் போடும் பொறுப்பைப் பஞ்சாயத்து நிதியின் மீது ஏற்றலாகாது. வருபவர்கள் வறியவர் அல்லர். நியாயமான விலையைத் தயங்காது தருவர். நம் ஊர்களில் மகளிர் சுய உதவிக் குழுவினரிடம் சமையலை ஒப்படைத்து, விலையை முன்னரே நடத்துவோருடன் எழுத்து மூலம் முடிவு செய்துகொள்வதே முறை. மோரும் தண்ணீரும் மட்டும் ஊரார் தருவதாக இருக்கட்டும்.

எத்தனை மணி நேரம் விழித்திருக்க வேண்டும்?

ஊர்ப் பொறுப்பாளர் பெரும்பாலும் தவறாகக் கணக்கிடுவது இதுவே. நூறு பேர் வருகின்றனர் என்றால், கல்யாணப் பந்தியைப் போல் நூறு பேரும் ஒருங்கே அமர்வர் என்று எண்ணி, ஒரே வேளையில் சமைத்து வைத்துவிடுவர். நெடுந்தூரச் சவாரியில் அவ்வாறு நிகழாது. தூரம் கூடக் கூட, முன்னே செல்பவருக்கும் பின்னே வருபவருக்கும் இடைவெளி விரிந்துகொண்டே போகும்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. முதல் 200 கி.மீ.க்கு மணிக்கு 34 கி.மீ., அடுத்த 200க்கு 32, அதற்கடுத்த 200க்கு 30 என்பது கூடிய வேகம். மணிக்கு 15 கி.மீ. என்பது குறைந்த வேகம். சாவடி திறக்கும் நேரத்தையும் மூடும் நேரத்தையும் இவற்றைக் கொண்டே வகுக்கின்றனர். சவாரி காலை 5 மணிக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 120ஆவது கிலோமீட்டரில் உள்ள ஊருக்கு முதல் ஆள் காலை எட்டரை மணியளவில் வரக்கூடும். கடைசி ஆள் பிற்பகல் 1 மணி வரை வரலாம். நாலரை மணி நேரம் காத்திருந்தால் போதும். 300ஆவது கிலோமீட்டரில் உள்ள ஊருக்கு முதல் ஆள் பிற்பகல் 2 மணிக்கு வரலாம். கடைசி ஆளோ நள்ளிரவு கடந்து 1 மணிக்கு. இது 11 மணி நேரம். 600ஆவது கிலோமீட்டரிலோ இடைவெளி 21 மணி நேரம் ஆகிவிடும். எனவே முந்நூறாவது கிலோமீட்டரிலுள்ள ஊர், இரண்டு அணிகளாகத் தொண்டர்களைப் பிரித்துக்கொள்ளாமல் இப்பணியை ஏற்பது அறிவுடைமை ஆகாது. அடுப்பு தொடர்ந்து எரிய வேண்டும். ஆனால் ஒரு தடவைக்குப் பத்துப் பேருக்கு மேல் சமைக்க வேண்டியதில்லை. மாவு அரைத்து வைத்திருந்தால் இட்லியும் தோசையும் இதற்கு மிகவும் ஏற்றவை என்பதை நம் தாய்மார்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் வருபவரே உதவி மிகுதியாக வேண்டுபவர் என்பதும் நினைவிலிருக்கட்டும். முதலில் வருபவர் ஐந்து நிமிடத்தில் முத்திரை பெற்றுப் போய்விடுவார். நள்ளிரவுக்குப் பின் வருபவர் பசித்து, குளிர்ந்து, சில சமயம் பேசவும் இயலாமல் வருவார். அந்நேரத்தில் சாவடியில் விளக்கணைந்து, பாத்திரம் கவிழ்ந்து கிடந்தால், அதற்கு முன் செய்த உபசாரம் அத்தனையும் வீண்.

நீரும் உணவும் உறக்கமும்

மிதிப்பவருக்கு மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை நீர் தேவை. நம் வெயிலில் இன்னும் கூடும். வியர்வையுடன் உப்பும் வெளியேறுவதால், வெறும் தண்ணீரையே மிகுதியாகக் குடிப்பதும் தீங்கு. இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து தலைச்சுற்றலும், முற்றினால் உயிருக்கு ஆபத்தும் நேரிடும். ஆகவே உப்பிட்ட நீர்மோர், எலுமிச்சைச் சாறு, கஞ்சி ஆகியவை வேண்டும். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் சர்க்கரை ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, இரண்டும் தலை தட்டிய அளவாகக் கலந்து வைப்பது எளிது. வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்குச் சுகாதாரப் பணியாளர் சொல்லித் தரும் அதே கலவைதான். வாழைப்பழம் எவ்வளவு வைத்தாலும் தீர்ந்துவிடும். எண்ணெயில் பொரித்த பண்டமும் காரமும் வேண்டா.

உறக்கம் தனிப் பொருள். பாரிஸ்–பிரெஸ்ட் சாவடிகளின் உறக்கக் கூடத்தில் ஒருவர் வாயிலில் அமர்ந்து, படுக்கை எண்ணையும், எழுப்ப வேண்டிய நேரத்தையும் பலகையில் எழுதிக்கொள்கிறார். பெரும்பாலோர் கேட்பது ஒன்றரை மணி நேரமோ மூன்று மணி நேரமோதான். குறித்த நிமிடத்தில் ஆள் வந்து தோளைத் தொட்டு எழுப்புகிறார். எழுப்ப ஆள் உண்டு என்னும் நம்பிக்கை இருந்தால்தான் ஒருவர் நிம்மதியாகக் கண்மூடுவார். இல்லையேல் உறங்காமலே புறப்படுவார், அங்கேதான் ஆபத்து. பின்னிரவு 2 மணி முதல் 5 மணி வரை உறக்கம் மேலிடும் நேரம். மிதித்துக்கொண்டே கண்ணயர்ந்து பள்ளத்தில் விழுவோர் உண்டு. சாலையில் இல்லாத ஆளையும் மாட்டையும் கண்டு ஒதுங்குவோரும் உண்டு. சாவடியிலிருந்து தள்ளாடிப் புறப்படுபவரைத் தடுத்து, "ஒரு மணி நேரம் படுத்துச் செல்லுங்கள், ஐயா" என்று சொல்லும் உரிமை அங்குள்ள பெரியவர் ஒருவருக்கு இருக்க வேண்டும். பதக்கம் போனால் போகட்டும்.

2019இல் நம் நாட்டிலிருந்து நூற்றுக்கணக்கானோர் பாரிஸ்–பிரெஸ்ட் சவாரிக்குச் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோரால் உரிய நேரத்திற்குள் முடிக்க இயலவில்லை. எதிர்க்காற்றும், ஆகஸ்டு மாதத்திலும் குளிர்ந்த இரவுகளும், ஓயாத ஏற்ற இறக்கங்களும் அவர்களை வாட்டின. அவர்கள் திறமையற்றவர் அல்லர்; அவ்வாண்டிலேயே 200, 300, 400, 600 கி.மீ. சவாரிகளை முடித்துத் தகுதி பெற்ற பிறகே செல்ல இயலும். நம் சமவெளிச் சாலையும் வெப்பமும் தந்த பயிற்சி அந்நாட்டுக் குன்றுகளுக்குப் போதவில்லை என்றே கொள்ள வேண்டும்.

சாலையில் கிடக்கும் நெல்

இனி நம் ஊர்களுக்கு மிக அணுக்கமான செய்திக்கு வருவோம். நம் பக்கத்தில் நெடுந்தூரச் சவாரிக்கு ஏற்ற காலம் தையும் மாசியுமே. ஐப்பசி, கார்த்திகையில் மழை. சித்திரை, வைகாசியில் வெயில். ஆனால் தையும் மாசியும் சம்பா அறுவடைக் காலம். நெல்லும் வைக்கோலும், மேட்டு நிலங்களில் உளுந்தும் சோளமும் தார்ச்சாலையில் பரப்பப்பட்டிருக்கும். வாகனம் ஏறாமலிருக்கச் சுற்றிலும் கருங்கற்களை வைப்பர். மாலையில் தானியத்தை அள்ளிக்கொண்டு, கற்களை அங்கேயே விட்டுச் செல்வர். இரவில் ஒற்றை விளக்குடன் வருபவர் அக்கல்லில் மோதினால் என்ன ஆகும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. உளுந்துச் செடியின் மீது சைக்கிள் சக்கரம் வழுக்குவதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர்.

விவசாயியைக் கடிந்து பயனில்லை. உலர்த்த வேறு இடம் இல்லாதபடியால்தான் அவர் சாலைக்கு வருகிறார். இருக்கும் களம் ஒன்று. அறுவடை எல்லோருக்கும் ஒரே வாரத்தில். உலர்களம் இல்லாத ஊர்களிலும், இருந்தும் வெடித்துப் புல் முளைத்துக் கிடக்கும் ஊர்களிலும் அதனை அமைப்பதற்கும் பழுது பார்ப்பதற்கும் பஞ்சாயத்து முன்னுரிமை தர வேண்டும். எங்கோ இருந்து வந்து ஓர் இரவு கடந்து செல்லும் நூறு பேருக்காக இதைச் சொல்லவில்லை. அதே சாலையில் நாள்தோறும் விடியற்காலை நான்கு மணிக்குப் பால் கேனைக் கட்டிக்கொண்டு வருபவர் நம் ஊரார். பதினோராம் வகுப்பில் அரசு தந்த விலையில்லாச் சைக்கிளில் மாலை மங்கிய பின் தனி வகுப்பிலிருந்து திரும்பும் பெண்கள் நம் ஊரார். கல் அவர்களுக்காகவும் அங்கே கிடக்கிறது.

வேகத்தடைகளைப் பற்றியும் கூற வேண்டும். ஒரு விபத்து நடந்தவுடன் ஊரார் கூடி, கையில் கிடைத்ததைக் கொண்டு ஒரு மேட்டைப் போட்டுவிடுகின்றனர். முறைப்படி அமைந்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் உடையதாய், வண்டி மெல்ல ஏறி மெல்ல இறங்குமாறு இருக்க வேண்டும். அதன் மீது வெள்ளையும் கறுப்புமாகப் பட்டைகள் தீட்டப்பட்டிருக்க வேண்டும். முன்னதாகவே எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். ஒரு முழ அகலத்தில் சுவர் போல் எழுப்பியது வேகத்தடை அன்று; இரவில் அது பொறி. கைப்பிடிச் சுவர் இடிந்த சிறு பாலங்களும் அவ்வாறே. சவாரி வருவதற்கு ஒரு வாரம் முன்பு, உறுப்பினர் இருவரும் நெடுஞ்சாலைத் துறைப் பணியாளர் ஒருவரும் இரவு நேரத்தில் சைக்கிளிலேயே ஊர் எல்லை முழுதும் சென்று பார்ப்பது நலம். ஜீப்பில் இருந்து பார்த்தால் இவை கண்ணில் படா.

முன்னேற்பாடுகளில் மற்றவை எளியவை. காவல் நிலையத்திற்கும் ஆரம்பச் சுகாதார நிலையத்திற்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பள்ளியைத் தருவதாயின் கல்வித் துறையின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். 108 வண்டி எங்கே நிற்கும் என்பதை அறிந்திருக்க வேண்டும். தெருநாய்கள் மிகுந்த இடத்தில் இரவில் ஓர் ஆள் தடியுடன் நின்றால் போதும். பாரிஸ்–பிரெஸ்ட் சவாரியில் துணை வண்டிகள் சவாரிப் பாதையில் பின்தொடர்வதற்கு அனுமதி இல்லை; சாவடிகளில் மட்டுமே உதவலாம். இவ்விதியை நம் ஊர்களிலும் வற்புறுத்த வேண்டும். ஒவ்வொருவர் பின்னும் ஒரு கார் ஊர்ந்து வந்தால், குறுகிய கிராமச் சாலை என்னாவது? ஆறாயிரம் பேரையும் ஒரே நேரத்தில் விடாமல், சில நூறு பேராகக் கால் மணிக்கு ஒரு தரம் அனுப்புவதும் அங்கே வழக்கம். திருப்பங்களில் ஒளிரும் அம்புக்குறி அட்டைகளைக் கட்டி வைக்கின்றனர். அவற்றை நினைவுப் பொருளாகக் கழற்றிக்கொண்டு போகிறவர்களும் உண்டாம். எல்லா நாட்டிலும் மனிதர் மனிதரே.

தொண்டர்களாகப் பெண்கள் முன்வருவார்களா என்று கேட்பவர்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டத்தை நினைவூட்டுகிறோம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது அங்கே ஆயிரமாயிரம் கிராமப் பெண்கள் எழுத்துடன் சைக்கிளையும் கற்றுக்கொண்டனர். அன்று கற்ற தாய்மார்களின் பேத்திகள் இன்று பள்ளிக்கு மிதித்துச் செல்கின்றனர்.

சவாரி கடந்து சென்றபின் செய்ய வேண்டிய பணிகளில் ஊர்கள் பெரும்பாலும் தளர்ந்துவிடுகின்றன. காகிதக் கோப்பை, வாழைப்பழத் தோல், பிளாஸ்டிக் உறை ஆகியவற்றை அன்றைக்கே அகற்ற வேண்டும். அதற்கான கூலியை நடத்துவோரிடமிருந்து முன்பணமாகவே பெற்றுக்கொள்வது நல்லது. சாவடியில் ஒரு குறிப்பேட்டை வைத்து, வரும் ஒவ்வொருவரிடமும் "எங்கள் ஊர் எல்லையில் எந்த இடத்தில் தடுமாறினீர்கள்?" என்று கேட்டு எழுதிக்கொண்டால், எந்தப் பொறியாளரும் இலவசமாகத் தராத சாலை அறிக்கை கிடைத்துவிடும். வரவு செலவுக் கணக்குடன் அந்தக் குறிப்பேட்டையும் அடுத்த கிராம சபையில் படிக்க வேண்டும். ஜனவரி 26இல் தொடங்கி நவம்பர் 1 வரை ஆண்டுக்கு ஆறு முறை சபை கூடுகிறபடியால், நீண்ட நாள் காத்திருக்க வேண்டியதில்லை. சுய உதவிக் குழுவினருக்குச் சேர வேண்டிய தொகையை அன்றே பைசல் செய்ய வேண்டும். வீடுகளிலிருந்து வாங்கிய பாய்களையும் போர்வைகளையும் வெயிலில் உலர்த்தி, எண்ணிப் பார்த்து, உரியவரிடம் ஒப்படைத்துக் கையொப்பம் பெற வேண்டும். பள்ளியின் சாவியைத் திங்கட்கிழமை மணியடிப்பதற்கு முன் தலைமையாசிரியரிடம் சேர்த்துவிட வேண்டும்.